யாரைக் காக்க இந்த மௌனம்?

(புதுக்கோட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கொடுங்கோல் ஆட்சியாளர்களுக்கு எதிரே கத்தோலிக்கத் தலைவர்கள் என்ன செய்தார்கள், என்ன செய்யத் தவறினார்கள் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இந்தப் பேச்சு வழக்கமாக ஹிட்லரிலும் வத்திக்கானிலும் தொடங்கும். புதுக்கோட்டையில் பேசும்போது அவ்வளவு தூரம் போய்த் தொடங்கத் தேவையில்லை. இந்தச் சீமையைத் தம் மைத்துனர் ரகுநாதராயத் தொண்டைமானிடம் ஒப்படைத்து, தொண்டைமான் வம்சத்தின் ஆட்சிக்கு வழிசெய்தவர் மறவர் சீமையை ஆண்ட கிழவன் சேதுபதி. 1686ஐ ஒட்டி அது நடந்தது என்பது வரலாற்று நூல்கள் சொல்லும் கணக்கு. அதே 1686இல்தான் மங்கலம் என்ற ஊரில் சேதுபதியின் ஆட்கள் ஜான் டி பிரிட்டோ என்னும் இயேசு சபைத் துறவியையும் அவருடைய உபதேசியார்களையும் பிடித்து வதைத்தார்கள். நம் மக்கள் அருளானந்தர் என்றும் செம்மண் புனிதர் என்றும் அழைக்கிறார்களே, அவர்தான் இவர். கிழவன் சேதுபதியைக் கொடுங்கோலர் என்ற ஒரு சொல்லுக்குள் அடைப்பது நியாயமாகாது. மதுரையின் மேலாண்மையை உதறித் தம் நாட்டைத் தனியரசாக நிமிர்த்தியவர் அவர். ஆனாலும் யாருக்கும் பதில் சொல்லத் தேவையின்றி ஒரு மனிதனின் உயிரை எடுக்கும் அதிகாரம் அவர் கையில் இருந்தது. அந்த அதிகாரத்தின் எதிரே நிற்கும் மதத் தலைவரின் நிலைதான் இன்று நாம் பார்க்க வேண்டியது.

1686இல் சேதுபதி பிரிட்டோவைக் கொல்லவில்லை. இராமநாதபுரத்துக்கு வரவழைத்து, அவர் சொன்னதைக் கேட்டு, இனி மறவர் சீமையில் போதிக்கக் கூடாது என்ற கட்டளையுடன் விடுவித்தார். பிரிட்டோ போர்ச்சுகல் போனார். சிறுவயதில் தம்முடன் வளர்ந்த பேதுரு இப்போது அரசராக இருந்தார். லிஸ்பனிலேயே தங்கிவிடச் சொன்னார். பிரிட்டோ தங்கவில்லை. 1690இல் இந்தியா திரும்பி, தடை விதிக்கப்பட்ட அதே சீமைக்குள் நுழைந்தார். சேதுபதி குடும்பத்தோடு உறவுள்ளவரும் அரியணைக்கு உரிமை கோரக் கூடியவருமான தடியத் தேவர் 1693 ஜனவரியில் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். ஒருத்தியைத் தவிர மற்ற மனைவியரை விலக்க வேண்டும் என்ற திருச்சபை விதியை பிரிட்டோ தளர்த்தவில்லை. விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி சேதுபதியின் உறவுப் பெண். அவள் முறையீடு அரண்மனையை எட்டிய சில நாட்களில் பிரிட்டோ கைதானார். நாடு கடத்துவதாக வெளியில் சொல்லிவிட்டு, அவரைக் கொல்லும்படி ஓரியூருக்கு அனுப்பினார்கள். நம் மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால் திருவாடானை வட்டத்தில் பாம்பாற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். சிறையில் மையும் இறகும் இல்லை. கரியைக் கரைத்து, குச்சியால் தொட்டு, தம் சபைத் தோழர்களுக்கு அவர் கடிதம் எழுதிய நாள் பிப்ரவரி 3. மறுநாள் சாம்பல் புதன். அன்று அவர் தலை வெட்டப்பட்டது.

இதைத் தனித்த வீரக் கதையாகச் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அதே ஆண்டுகளில் அதே மதுரை மிஷனில் வேறொரு வழியும் நடைமுறையில் இருந்தது. சேதுபதியிடம் சிறைப்பட்டிருந்த மெல்லோ என்ற மற்றோர் இயேசு சபைத் துறவி 1691இல் ராணி மங்கம்மாளின் தலையீட்டால் விடுதலையானார். பூஷே பாதிரியார் அரசவைகளுக்குக் காணிக்கையோடு போய், மரியாதையாகப் பேசி, தம் மக்களுக்கு இடம் தேடினார். நம் மாவட்டத்து ஆவூர் மிஷனின் பெரிய மையமாக வளர்ந்தது இத்தகைய பொறுமையால்தான். உள்நாட்டில் பண்டாரசாமிகளாக வாழ்ந்த இந்தத் துறவிகளுக்குப் போர்த்துக்கீசியப் பீரங்கியின் துணை கிடையாது. அந்தந்த அரசரின் அனுமதியே அவர்களுக்குக் கூரை. ஆகவே சத்தமில்லாமல் காரியம் பார்ப்பதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். மெல்லோவின் உயிரைக் காத்தது அதுதான்.

பிரிட்டோவின் துணிவுக்கு விலை கொடுத்தவர் பிரிட்டோ மட்டும்தானா? மங்கலத்தில் அவரோடு அடிபட்ட உபதேசியார்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? தள்ளிவைக்கப்பட்ட அந்த இளம் மனைவியைப் பக்திக் கதைகள் சூழ்ச்சிக்காரியாகவே தீட்டி வந்திருக்கின்றன. அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். யாரோ ஒரு சாமியார் வந்து போதித்தார், அதனால் அவள் வீடு இழந்தாள். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. பிரிட்டோவின் புனிதத்தைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. அதிகாரத்துக்கு எதிரே ஒரு மதத் தலைவர் எடுக்கும் முடிவு, அது பேச்சானாலும் மௌனமானாலும், மற்றவர்களின் வாழ்க்கையிலும் கை வைக்கிறது. தன் உயிரைக் கொடுக்க எவருக்கும் உரிமை உண்டு. பிறர் உயிரைப் பணயம் வைக்க என்ன உரிமை? இந்த விஷயத்தில் உண்மையான தர்மசங்கடம் இதுதான். துணிவா பயமா என்ற கேள்வி இதற்கு அடுத்தபடிதான்.

பிரிட்டோவுக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டது 1947 ஜூன் 22இல். கொடுத்தவர் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர். பேச வேண்டிய நேரத்தில் பேசாதவர் என்று உலகமே வழக்காடும் அதே திருத்தந்தை. அந்த வழக்கில் இரு பக்கமும் சான்று உண்டு. 1933 ஜூலையில் ஹிட்லர் அரசுடன் வத்திக்கான் செய்த உடன்படிக்கையில் வத்திக்கான் சார்பில் கையெழுத்திட்டவர், அப்போது கர்தினால் பச்சேலியாக இருந்த இவர்தான். 1937இல் பதினோராம் பத்திநாதர் நாஜிக் கொள்கையைக் கண்டித்து ஜெர்மன் மொழியில் எழுதிய சுற்றுமடல் இரகசியமாக நாட்டுக்குள் கொண்டுபோகப்பட்டு, குருத்து ஞாயிறன்று கோயில்தோறும் வாசிக்கப்பட்டது. அதை உருவாக்குவதிலும் பச்சேலியின் பங்கு உண்டு. திருத்தந்தையான பின், 1942 கிறிஸ்துமஸ் வானொலி உரையில் அவர், குற்றம் எதுவும் செய்யாமல் இனத்தின் காரணமாகவே சாவுக்கு ஆளாகும் லட்சக்கணக்கானோரை நினைவுகூர்ந்தார். ஆனால் யூதர் என்ற சொல்லையோ நாஜி என்ற சொல்லையோ உச்சரிக்கவில்லை. செய்தி தெரியாததால் அப்படிப் பேசினார் என்று இனி யாரும் வாதாட முடியாது. பெல்செக் முகாமில் நாள்தோறும் நடந்த படுகொலையைத் தெரிவித்து ஜெர்மன் இயேசு சபைக் குரு ஒருவர் 1942 டிசம்பர் 14இல் திருத்தந்தையின் செயலருக்கு எழுதிய கடிதம் வத்திக்கான் ஆவணக் காப்பகத்திலிருந்து 2023இல் வெளியே வந்துவிட்டது.

1943 அக்டோபர் 16 அன்று திருத்தந்தையின் மறைமாவட்டமான ரோமாபுரியிலேயே யூத வேட்டை நடந்தது. விடியற்காலை மழையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூதர்களைப் பிடித்து, வத்திக்கானுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த இராணுவக் கல்லூரியில் அடைத்தார்கள். அன்றே வத்திக்கான் அரசுச் செயலர் கர்தினால் மாலியோனே ஜெர்மன் தூதரை அழைத்து, இதை நிறுத்தும்படி வேண்டினார். வெளிப்படையாகக் கண்டிக்கும் நிலைக்குத் தங்களைத் தள்ள வேண்டாம் என்பதுதான் அவர் பேச்சின் சாரம். இரண்டு நாள் கழித்து ரயில் ஆஷ்விட்சுக்குக் கிளம்பியது. திரும்பி வந்தவர்கள் பதினாறு பேர். அதே மாதங்களில் ரோமாபுரியின் மடங்களும் துறவற இல்லங்களும் ஆயிரக்கணக்கான யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றின. திருத்தந்தை வாய் திறந்திருந்தால் ஜெர்மானியர் மடங்களுக்குள் புகுந்து அவர்களையும் இழுத்துப் போயிருப்பார்கள் என்பது அவர் தரப்பு வாதம். ஒளிந்திருந்தவர்களின் உயிர் அதில் அடங்கியிருப்பதால் அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ரயிலில் ஏற்றப்பட்ட ஆயிரம் பேருக்கு அதனால் ஒரு பயனும் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மௌனத்துக்கு ஆதரவாக எப்போதும் எடுத்துக்காட்டப்படுவது நெதர்லாந்து. 1942 ஜூலையில் அந்நாட்டுக் கிறிஸ்தவ சபைகள் ஒன்றுசேர்ந்து, யூதர்களை நாடு கடத்துவதைக் கண்டித்து ஜெர்மன் ஆளுநருக்குத் தந்தி அனுப்பின. ஆளுநர் தரப்பிலிருந்து ஒரு பேரம் வந்தது. கிறிஸ்தவர்களாகத் திருமுழுக்குப் பெற்ற யூதர்களை விட்டுவிடுகிறோம், இந்தத் தந்தியை நீங்கள் கோயில்களில் வாசிக்கக் கூடாது. மிகப் பெரிய புராட்டஸ்தாந்து சபை பின்வாங்கியது. உட்ரெக்ட் பேராயர் டி யோங்கும் மற்ற கத்தோலிக்க ஆயர்களும் இணங்கவில்லை. ஜூலை 26 ஞாயிறன்று எல்லாக் கோயில்களிலும் கண்டனம் வாசிக்கப்பட்டது. ஆகஸ்ட் 2 அன்று இருநூறுக்கும் மேற்பட்ட கத்தோலிக்க யூதர்கள் கைது செய்யப்பட்டார்கள். எக்ட் நகரத்துக் கார்மேல் மடத்திலிருந்து மெய்யியல் அறிஞரும் துறவியுமான எடித் ஸ்டைனும் அவர் அக்கா ரோசாவும் கொண்டுசெல்லப்பட்டு, ஆகஸ்ட் 9 அன்று ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். தாம் எழுதி வைத்திருந்த கண்டன அறிக்கையைத் திருத்தந்தை இந்தச் செய்தி கேட்டதும் அடுப்பில் போட்டு எரித்தார் என்று அவர் இல்லப் பணியிலிருந்த சகோதரி பஸ்கலினா பின்னாளில் எழுதினார். அதற்குக் காரணமாக நாற்பதாயிரம் பேர் கைதானதாக அவர் சொல்லும் எண்ணிக்கை சரியல்ல. இருந்தாலும் வாதம் நிலைத்துவிட்டது: பேசினார்கள், அதனால் மக்கள் செத்தார்கள்.

இந்த வாதத்தைப் பலர் அப்படியே ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரிகிறது. கண்டனம் வாசிக்கப்படுவதற்கு முன்பே, ஜூலை நடுவிலேயே, நெதர்லாந்திலிருந்து ஆஷ்விட்சுக்கு ரயில்கள் புறப்பட்டுவிட்டன. அந்நாட்டில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் போர் முடிவதற்குள் கொல்லப்பட்டார்கள். ஆயர்கள் வாய் மூடியிருந்தால் இவர்களில் பெரும்பாலோர் பிழைத்திருக்க வழியில்லை. பேரத்தின் பொருளை உற்றுப் பாருங்கள். உங்கள் பதிவேட்டில் இருப்பவர்களை உங்களுக்குத் தருகிறோம், பதிவேட்டில் இல்லாதவர்களைப் பற்றி வாய் திறக்காதீர்கள் என்பதுதான் அது. சில நூறு பேரின் உயிருக்கு ஈடாக ஒரு லட்சம் பேரைக் கைவிடும்படி கேட்டார்கள், அந்தச் சில நூறு பேரின் உயிரையும் எவ்வளவு நாள் விட்டுவைப்போம் என்ற உறுதி இல்லாமலே. டி யோங் மறுத்தது சரி என்றே நான் கருதுகிறேன். எடித் ஸ்டைனின் சாவுக்குப் பொறுப்பு அவரைக் கொன்றவர்களுடையது. பணயக் கைதியை வைத்துக்கொண்டு மிரட்டுபவன் செய்யும் கொலையை, மிரட்டலுக்கு மசியாதவன் தலையில் சுமத்துவது கொலைகாரனின் கணக்கு.

ஆகவே மௌனத்தை எடை போட எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றே ஒன்று. அந்த மௌனத்தால் காக்கப்படுபவர் யார்? ஒளித்துவைக்கப்பட்டவர்களின் உயிரைக் காக்க ஒருவர் வாயை மூடிக்கொண்டு கையால் வேலை செய்தால் அந்த மௌனம் நியாயமானது. ரோமாபுரி மடத்துச் சகோதரிகள் அதைத்தான் செய்தார்கள். தன் நிறுவனத்தை, பள்ளிகளை, சொத்தை, அரசோடு உள்ள நல்லுறவை, தன் இனத்தவரை மட்டும் காக்க, வேறு மக்களின் அழிவைப் பார்த்தும் பேசாமல் இருந்தால் அந்த மௌனம் கொலைகாரனுக்கு உதவி. இரண்டும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். அதனால்தான் நிறுவனத்தைக் காத்தவர்களும் உயிரைக் காத்தவர்களைப் போலவே பேசித் தப்பித்துக்கொள்கிறார்கள்.

பேசியவர்களையும் இதே அளவுகோலால் பார்க்க வேண்டும். முன்ஸ்டர் ஆயர் வான் காலன் 1941 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஆற்றிய மூன்று மறையுரைகள் நாஜி ஆட்சியையே உலுக்கின. மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசு கொன்று வந்ததைப் பிரசங்க மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். அதற்குள் எழுபதாயிரம் பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த ஆகஸ்டு இறுதியில் ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்தும்படி கட்டளையிட்டார். ஆனாலும் மறைவில் கொலைகள் தொடர்ந்தன. காலனைத் தூக்கில் போட வேண்டும் என்றவர்களும் உண்டு, ஆனால் வெஸ்ட்பாலியா மக்களைப் பகைத்துக்கொள்ள ஆட்சி துணியவில்லை. ஆயர் பிழைத்தார், 1946இல் கர்தினால் ஆனார். அவர் மறையுரைகளைப் படியெடுத்துப் பரப்பிய லூபெக் நகரத்துத் துணைக் குருக்கள் மூவர், ஒரு லூத்தரன் போதகரோடு சேர்த்து, 1943 நவம்பர் 10 அன்று ஹாம்பர்க் சிறையில் சில நிமிட இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகத் தலை வெட்டப்பட்டார்கள். மங்கலத்து உபதேசியார்களைப் போல இங்கும் விலை கீழே இருப்பவர்களிடம் வசூலிக்கப்பட்டது. காலன் மகத்தானவர். ஆனால் யூதர்களுக்காக அதே மேடையிலிருந்து அவர் அப்படிப் பேசவில்லை. கொல்லப்பட்ட நோயாளிகள் ஜெர்மானியக் குடும்பங்களின் பிள்ளைகள், அவர் கோயிலுக்கு வந்தவர்களின் உறவுகள். யூதர்கள் அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தார்கள்.

இனி கடலைத் தாண்டுவோம். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கு இலங்கையின் வட கரை நன்றாகத் தெரிந்த கரை. அந்தக் கரையில் மன்னார் மறைமாவட்டம். நான் இதுவரை சொன்ன சங்கடங்கள் எல்லாம் ஒருசேர வந்து விழுந்த இடம் அது. வங்காலையில் 1985 ஜனவரியில் அருட்தந்தை மேரி பஸ்ரியன் சுட்டுக் கொல்லப்பட்டார். மடு அன்னையின் திருத்தலத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் மேல் 1999 நவம்பரில் குண்டுகள் விழுந்தன. யாழ்ப்பாணத்தில் அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிரவுன் 2006 ஆகஸ்டில் தம் உதவியாளரோடு காணாமல் போனார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் முடிந்த 2009 மே 18 அன்று வட்டுவாகலில் சரணடைந்தவர்களோடு இராணுவத்தின் கைக்குள் போனார். இன்றுவரை திரும்பவில்லை. 1992 முதல் 2016 வரை மன்னார் ஆயராக இருந்தவர் நெடுந்தீவில் பிறந்த இராயப்பு ஜோசப். ஒவ்வொரு சொல்லுக்கும் விலை என்ன என்பதைத் தம் குருக்களின் சாவிலிருந்து கற்றுக்கொண்டவர்.

போர் முடிந்த பின் அரசு அமைத்த கற்றறிந்த பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 ஜனவரியில் மன்னாருக்கு வந்தது. சாட்சியமளிக்க ஆயர் நேரில் போனார். அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்கள், முல்லைத்தீவு, கிளிநொச்சி கச்சேரிகளின் (மாவட்டச் செயலகங்களின்) பதிவுப்படி 4,29,059. 2009 ஜூலை 10 வரை அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்து சேர்ந்தவர்கள், ஐ.நா. அலுவலகக் கணக்குப்படி 2,82,380. மீதி 1,46,679 பேர். இவர்கள் அத்தனை பேரும் கொல்லப்பட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விளக்கம் கேட்டார். அந்தக் கேள்விக்காக அவரைத் துரோகி என்றார்கள், குற்றப் புலனாய்வுத் துறையினர் வந்து விசாரித்தார்கள்.

இந்தக் கேள்வியின் அமைப்பில் ஒரு முதிர்ச்சி இருக்கிறது. அதை நாம் போதிய அளவு பேசியதில்லை. சாட்சி சொல்லும்படி எந்தத் தாயையும் அவர் முன்னுக்குத் தள்ளவில்லை. அரசு அலுவலர்களின் ஏடும் ஐ.நா.வின் அறிக்கையுமே அவருடைய சாட்சிகள். அவற்றைத் தண்டிக்க முடியாது. தண்டிக்க ஒரே ஒரு ஆள்தான் எதிரே இருந்தார், அது ஆயர். பிறர் உயிரைப் பணயம் வைக்க என்ன உரிமை என்ற பழைய கேள்விக்கு அவர் நடைமுறையில் கண்ட பதில் அது: மக்களின் துயரத்தைச் சொல்லலாம், ஆனால் அதன் ஆபத்து சொல்பவனின் தலையிலேயே விழும்படி சொல்ல வேண்டும். புலிகளின் நெருக்குதலால் கச்சேரிகள் மக்கள்தொகையைக் கூட்டிக் காட்டியிருக்கும் என்று அரசின் ஆதரவாளர்கள் மறுத்தார்கள். கூடியிருக்கவும் கூடும். ஆனால் 2009இன் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் எழுபதாயிரம் பேர் வரைதான் சிக்கியிருக்கிறார்கள் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. உணவுக் கப்பல்களின் அளவும் அந்தக் கணக்கை ஒட்டியே இருந்தது. உயிரோடு வெளியே வந்தவர்களே அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். இப்படிக் கணக்குப் பார்த்தவர்கள், ஆயரின் எண் மிகை என்று சொல்வதற்கு முன் தாங்களே வீடுவீடாகப் போய் எண்ணி, பெயர்ப் பட்டியலை வெளியிட்டிருக்க வேண்டும்.

இன்னொரு மறுப்பு, நம்மவர் நடுவே பேசும்போது தவிர்க்கக் கூடாத ஒன்று. அரசை இவ்வளவு துல்லியமாகக் கேள்வி கேட்டவர்கள், விடுதலைப் புலிகளிடம் அதே துல்லியத்தோடு கேட்டார்களா? சிறுவர்களைப் படையில் சேர்த்ததும், கடைசி மாதங்களில் மக்களை வெளியேற விடாமல் தடுத்ததும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதும் நடந்தவை. 1990 அக்டோபரில் மன்னார் உட்பட வட மாகாணத்து முஸ்லிம்கள் அத்தனை பேரும் புலிகளால் விரட்டப்பட்டார்கள். ஆயுதம் ஏந்தியவன் நம் மொழி பேசுகிறான் என்பதால் அவன் கொடுமை கொடுமையில்லை என்று ஆகிவிடாது. யாழ்ப்பாண ஆயர் தோமஸ் சவுந்தரநாயகம் 2009 ஜனவரியில் அரசுக்கு எழுதிய வேண்டுகோளில், மக்கள் நடுவே நிலைகொண்டு ஷெல் அடிக்க வேண்டாம் என்று புலிகளையும் கேட்டார். அப்படிப்பட்ட குரல்கள் குறைவு. முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றி அந்நாளில் தமிழ்க் கிறிஸ்தவத் தலைமையிடமிருந்து வந்த சொல் போதாது என்பது என் தீர்ப்பு. வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்காகப் பேசாத காலனிடம் நான் கண்ட குறை இங்கும் அப்படியே இருக்கிறது. இராயப்பு ஜோசப்பின் கணக்கு இதனால் தவறாகிவிடவில்லை. அரசு பதில் சொல்ல வேண்டிய கேள்வியை, கேட்டவரின் குறையைக் காட்டித் தள்ளிவிட முடியாது.

வட்டத்தின் வலிமையை அதே நாட்டில் கொழும்பிலும் பார்க்கலாம். 2012இல் ஜெனீவாவில் இலங்கை மீது தீர்மானம் வந்தபோது, மன்னார் ஆயரும் வடக்கின் குருக்களும் சர்வதேசப் பொறுப்புக்கூறலை வேண்டி ஐ.நா. மனித உரிமைப் பேரவைக்குக் கடிதம் எழுதினார்கள். கொழும்புப் பேராயர் கர்தினால் மால்கம் ரஞ்சித் அந்தத் தீர்மானம் நாட்டின் இறையாண்மையில் தேவையற்ற தலையீடு என்றார். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் அவர் மக்கள் குண்டுகளுக்குப் பலியானார்கள். அரசின் விசாரணையை நம்பி ஏமாந்த அவர் 2022 மார்ச்சில் ஜெனீவாவுக்கே போய் அதே பேரவையில் நீதி கேட்டார். அவர் துக்கமும் கோரிக்கையும் முழுக்க நியாயமானவை. அதே நியாயம் பத்தாண்டுகளுக்கு முன், போரின் இறுதிக் களமான முள்ளிவாய்க்காலின் தாய்மார்களுக்கும் இருந்தது. ஒரே நாடு, ஒரே திருச்சபை, அதற்குள்ளும் யார் நம்மவர் என்ற கோடு மொழியின் மேல் விழுந்திருந்தது.

தூரத்தில் பாதுகாப்பாக உட்கார்ந்து, துப்பாக்கி முனையில் நின்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்ல நமக்கென்ன யோக்கியதை என்று சிலர் கேட்பார்கள். அவர்களுடைய அச்சத்தைத் தீர்ப்பிட நமக்கு யோக்கியதை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆபத்து விலகிய பிறகும் தொடரும் மௌனத்தைப் பற்றிப் பேசலாம். 1945க்குப் பின் திருத்தந்தையைத் தடுத்தது எந்தத் துப்பாக்கி? ஆவணக் காப்பகம் 2020 மார்ச்சில் திறக்கப்படும் வரை எழுபத்தைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டது யாரைக் காக்க? அரசியலில் திருச்சபை தலையிடலாமா என்பது அடுத்த ஆட்சேபம். ஆட்சியோடு உடன்படிக்கை செய்வதும், ஆட்சியாளரின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வதும் அரசியல் இல்லை என்றால், காணாமல் போனவர் எங்கே என்று கேட்பது மட்டும் எப்படி அரசியலாகும்?

நம் கையில் இருக்கும் வேலையைச் சொல்லி முடிக்கிறேன். இராயப்பு ஜோசப் 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார். 1,46,679 பேரைப் பற்றி அவர் கேட்டதற்கு எந்த அரசும் பதில் தரவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017இல் வன்னியில் சாலையோரப் பந்தலில் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்காக நீண்டது. பிள்ளையின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மார் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள். கேள்வி கேட்பதால் தமிழ்நாட்டில் யார் உயிருக்கும் ஆபத்து இல்லை. இங்குள்ள ஆயர்களும் குருக்களும் துறவற சபைகளும் பங்குப் பேரவைகளும், முஸ்லிம்களின் வெளியேற்றத்துக்கும் சேர்த்தே நீதி கேட்டு, மன்னார் ஆயர் வைத்த அந்தக் கணக்கை எழுத்தில் எழுப்ப வேண்டும். கொழும்புக்கும் டெல்லிக்கும் ஜெனீவாவுக்கும், எழுதியவர் பெயரும் கையெழுத்தும் உள்ள கடிதங்களாக அவை போக வேண்டும். இந்த மாவட்டத்துப் பங்குகளிலிருந்தே அதைத் தொடங்குங்கள் என்று உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.